வயர்லெஸ் செக்யூரிட்டி பக்கம்: எந்தக் கோளாறுக்கு எதை மாற்றுவது

திருச்சியில் பெரியப்பா வீட்டில் 200 எம்பிபிஎஸ் ஃபைபர். ஹாலில் ரவுட்டருக்கு நேர் கீழே உட்கார்ந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டாலும் 22-ஐத் தாண்டாது. ஃபைபர்காரர் மூன்று முறை வந்து போய்விட்டார். ஒரு தடவை வயரை மாற்றினார், ஒரு தடவை பெட்டியையே மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை.

நான் போனபோது லேப்டாப்பில் வைஃபையின் விவரங்களைத் திறந்து பார்த்தேன். லிங்க் ஸ்பீடு, அதாவது லேப்டாப்பும் ரவுட்டரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வேகம், 54. பாதுகாப்பு வகை என்ற இடத்தில் டபிள்யூபிஏ, டிகேஐபி என்ற பழைய காலத்துப் பூட்டு. அங்கேயே விஷயம் முடிந்தது.

"பெரியப்பா, இதை யாரு இப்படி வச்சது?"

"பழைய லேப்டாப்புல நெட்டு வரலைன்னு அப்பவே ஒரு பையன் மாத்திக் குடுத்தாம்ப்பா."

"அந்த லேப்டாப் இப்ப எங்க?"

"அதைப் பேப்பர்காரருக்குப் போட்டே ஆறு வருஷம் ஆச்சே."

லேப்டாப் போய்விட்டது. அதற்காகப் போட்ட பூட்டு மட்டும் இருக்கிறது. புதுப் பெட்டி வரும்போதெல்லாம், "எல்லாம் பழையபடியே இருக்கட்டும் தம்பி, மறுபடி ஒவ்வொண்ணுலயும் பாஸ்வேர்டு போட முடியாது" என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். வந்தவரும் பழைய அமைப்பை அப்படியே நகலெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் பார்த்தவரை, வீட்டு வைஃபையின் செக்யூரிட்டி கோளாறுகளில் முக்கால்வாசி இந்தக் கதைதான். வீட்டிலேயே வயதான ஒரு கருவிக்காக மொத்த வீட்டின் பூட்டையும் இறக்கி வைத்திருப்பார்கள். இல்லையென்றால் பூட்டை ஒரேயடியாக உயர்த்திவிட்டு, அந்தக் கிழட்டுக் கருவி ஏன் உள்ளே வர மறுக்கிறது என்று முழித்துக்கொண்டிருப்பார்கள். கீழே ஒவ்வொரு அறிகுறியாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் தெரிவது எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

கை வைக்கும் முன்

ரவுட்டருக்குள் வைஃபை வழியாகப் போய் வைஃபையின் பூட்டை மாற்றுவது, உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுகிற வேலை. சேவ் அழுத்திய அடுத்த நொடி நீங்களே வெளியே நிற்பீர்கள். ஒரு லேன் கேபிளால் லேப்டாப்பை ரவுட்டரில் செருகிக்கொள்ளுங்கள். கேபிள் இல்லையென்றால் போனிலேயே செய்யலாம், ஆனால் துண்டிக்கப்பட்டதும் பதறக்கூடாது. புதுப் பாஸ்வேர்டோடு மறுபடி சேர்ந்தால் போதும்.

உள்ளே போகும் முகவரி பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பது வழக்கம், ஜியோஃபைபர் பெட்டிகளில் 192.168.29.1. ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் போனில் வைஃபை விவரங்களுக்குள் 'கேட்வே' என்று ஒரு எண் இருக்கும், அதுதான்.

உள்ளே போனதும் முதல் வேலை, வயர்லெஸ் பக்கங்கள் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்வது. எதை மாற்றினோம் என்று அப்புறம் ஞாபகம் வராது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இன்னொன்று, வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசைகளான 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கும் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கும் பல பெட்டிகளில் தனித்தனிப் பக்கம் உண்டு. ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறப்பதால் வரும் குழப்பம் கீழே தனியாகவே வருகிறது.

பட்டியலில் தெரியும் பெயர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வெப் (WEP) என்ற பூட்டு 1997-ல் வைஃபையோடு கூடவே பிறந்தது. 2001-லேயே அதன் அடிப்படை உடைந்துவிட்டது, 2007-ல் ஒரு நிமிடத்துக்குள் சாவியைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். வெப்புக்காகச் செய்த பழைய சில்லுகளிலேயே ஓடவேண்டும் என்று 2003-ல் அவசரமாக ஒட்டுப்போட்டுக் கொடுத்தது டபிள்யூபிஏ, அதன் குறியாக்க முறைதான் டிகேஐபி. 2004-ல் வந்த டபிள்யூபிஏ2-தான் ஒழுங்கான வேலை. அதன் குறியாக்கம் ஏஇஎஸ், சில பெட்டிகளில் இதையே சிசிஎம்பி என்று போட்டிருப்பார்கள். 2006 மார்ச்சிலிருந்து, வைஃபை முத்திரை வாங்க வரும் புதுக் கருவிகள் எல்லாம் டபிள்யூபிஏ2 பேசியாக வேண்டும் என்று ஆனது. டபிள்யூபிஏ3 வந்தது 2018-ல், அது 2020 ஜூலையிலிருந்து கட்டாயம்.

இதிலிருந்து தேர்வு சுலபம். பெட்டியில் 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 பர்சனல்' என்ற கலப்பு இருந்தால் அதையே வையுங்கள். இல்லையென்றால் 'டபிள்யூபிஏ2 பர்சனல், ஏஇஎஸ்'. சில பெட்டிகளில் பர்சனலுக்குப் பதில் பிஎஸ்கே என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். டபிள்யூபிஏ/டபிள்யூபிஏ2 கலப்பு என்று ஒன்று பார்ப்பீர்கள். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பலரும் அதில்தான் விழுகிறார்கள். அது டிகேஐபியைப் பின்வாசல் வழியாக உள்ளே விடும் கலப்பு.

போனில் பெயருக்குக் கீழே 'வீக் செக்யூரிட்டி' என்று வருகிறது

ஐபோன்களில் 2020-க்குப் பிறகு இதை அதிகம் பார்க்கலாம். விண்டோஸ் 10, 11-லும் இந்த நெட்வொர்க் பாதுகாப்பானது அல்ல என்று ஓர் எச்சரிக்கை வரும். போனில் கோளாறு ஒன்றும் இல்லை. ரவுட்டர் இன்னும் வெப் அல்லது டிகேஐபி பேசிக்கொண்டிருக்கிறது என்று அது சொல்கிறது.

என்க்ரிப்ஷன் என்ற இடத்தில் 'டிகேஐபி' அல்லது 'டிகேஐபி+ஏஇஎஸ்' அல்லது 'ஆட்டோ' இருக்கும். வெறும் 'ஏஇஎஸ்' ஆக்குங்கள். ஆதென்டிகேஷனை டபிள்யூபிஏ2-வுக்கு மாற்றுங்கள். போனில் அந்த நெட்வொர்க்கை ஃபர்கெட் கொடுத்து மறுபடி சேருங்கள். எச்சரிக்கை போய்விடும். போகவில்லை என்றால் மற்ற அலைவரிசையின் பக்கத்தை மறந்திருக்கிறீர்கள்.

வேகம் 54-ல் நிற்கிறது

பெரியப்பா வீட்டு நோய் இதுதான். 54 என்ற எண்ணுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 802.11ஜி, 802.11ஏ என்ற பழைய தலைமுறை வைஃபையின் உச்ச வேகம் அது. அதற்கடுத்து வந்த 802.11என் தலைமுறையில், வெப்போ டிகேஐபியோ பூட்டாக இருந்தால் புது வேகங்களைத் தரக்கூடாது என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். ஆகவே நேற்று வாங்கிய பெட்டியும் நேற்று வாங்கிய லேப்டாப்பும் டிகேஐபியில் கைகுலுக்கினால், இரண்டும் இருபது வருஷம் பின்னால் போய் 54-ல் உட்கார்ந்துகொள்ளும். அந்த 54-லும் கைக்கு வருவது 20, 25 எம்பிபிஎஸ்தான். வைஃபை ஒரே அலையில் பேசவும் வேண்டும், கேட்கவும் வேண்டும், இடையில் ஒப்புதல் செய்திகளும் போய்வர வேண்டும், அதில் பாதி கரைந்துவிடும். பெரியப்பாவின் 22 அங்கிருந்து வந்ததுதான்.

சரிபார்ப்பது எப்படி? விண்டோஸில் வைஃபை அமைப்புக்குள் ஹார்டுவேர் ப்ராப்பர்ட்டீஸ் என்ற பக்கத்தில் லிங்க் ஸ்பீடும் செக்யூரிட்டி டைப்பும் இருக்கும். ஆண்ட்ராய்டில் இணைந்திருக்கும் வைஃபையின் பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் தொட்டால் தெரியும். ரவுட்டருக்கு அருகில் நின்றும் எண் சரியாக 54 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பூட்டைச் சந்தேகப்படலாம். 65, 72, 144 என்று ஏதாவது இருந்தால் பூட்டு காரணமில்லை. அது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் நெரிசலாகவோ தூரமாகவோ இருக்கும், அந்த வைத்தியம் வேறு.

அன்றைக்கு டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றி, சேவ் கொடுத்து, லேப்டாப்பை மறுபடி சேர்த்ததும் லிங்க் ஸ்பீடு 433 காட்டியது. ஸ்பீடு டெஸ்ட் 190 தாண்டியது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஃபைபர்காரர்கிட்ட இதைச் சொல்லிடாதப்பா, மூணு தடவை திட்டியிருக்கேன்" என்றார்.

டபிள்யூபிஏ3-க்கு மாற்றியதும் சில கருவிகள் மட்டும் சேரவில்லை

பெயர் தெரியும். பாஸ்வேர்டும் சரி. ஆனாலும் 'கனெக்ட் செய்ய முடியவில்லை' என்று வரும், அல்லது பாஸ்வேர்டு தப்பு என்றே பொய் சொல்லும். சில பழைய கருவிகளில் பெயரே பட்டியலில் வராது.

ஆண்ட்ராய்டில் 10-ஆம் பதிப்பு, ஐபோனில் ஐஓஎஸ் 13, விண்டோஸ் 10-ல் 2019-ஆம் ஆண்டு அப்டேட். டபிள்யூபிஏ3 தெரிந்தவை இவற்றிலிருந்துதான் தொடங்குகின்றன. அதிலும் உள்ளே இருக்கும் வைஃபை சில்லு ஒத்துழைக்க வேண்டும். விண்டோஸ் 7-க்கு டபிள்யூபிஏ3 தெரியவே தெரியாது. எனவே 'டபிள்யூபிஏ3 மட்டும்' என்பதைக் கலப்புக்கு மாற்றுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மீதிப் பாதி பிஎம்எஃப் என்ற மூன்றெழுத்தில் இருக்கிறது. சில பெட்டிகளில் 'ப்ரொடெக்டட் மேனேஜ்மென்ட் ஃப்ரேம்ஸ்' என்று விரிவாகவும் இருக்கும், 802.11டபிள்யூ என்றும் இருக்கும். வெளியாள் ஒருவன் ரவுட்டர் பேசுவது போலவே நடித்து, 'நீ வெளியே போ' என்று உங்கள் போனைத் துண்டிப்பதைத் தடுக்கும் ஏற்பாடு இது. நல்ல விஷயம்தான். டபிள்யூபிஏ3-ல் இது கட்டாயம். ஆனால் கலப்பு அமைப்பில் 'ரிக்வயர்டு' என்று வைத்தால் பழைய கருவிகள் வாசலிலேயே நின்றுவிடும். 'கேப்பபிள்' அல்லது 'ஆப்ஷனல்' என்று வையுங்கள். தெரிந்தவை பயன்படுத்திக்கொள்ளும், தெரியாதவை பழையபடி வரும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கருவி அடம்பிடிக்கிறதா? கலப்பு அறிவிப்பைப் பார்த்தே குழம்பிப்போகும் மலிவு விலைக் கேமராக்களும் பிரிண்டர்களும் உண்டு. அதற்காக முழு வீட்டையும் இறக்காதீர்கள். விருந்தாளிகளுக்கென்று தனியாக ஓடும் கெஸ்ட் நெட்வொர்க் என்று ஒன்று பெரும்பாலான பெட்டிகளில் இப்போது இருக்கிறது. அதை இயக்கி, டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் வைத்து, தனிப் பாஸ்வேர்டு கொடுத்து அந்த அடங்காப்பிடாரியை அங்கே குடியேற்றுங்கள். வங்கிக் கணக்கு பார்க்கும் போனும் இந்தக் கேமராவும் ஒரே வீட்டுக்குள் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஏஇஎஸ்ஸே தெரியாத கருவி என்றால்? லேன் ஓட்டை இருந்தால் கேபிள் போடுங்கள். லேப்டாப் என்றால் சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் கிடைக்கும். இரண்டுக்கும் வழியில்லை என்றால் பேப்பர்காரர் இருக்கிறார்.

ஸ்மார்ட் பிளக், பல்பு, கேமரா சேரவே மாட்டேன் என்கிறது

இவற்றில் பெரும்பாலானவைக்குள் இருப்பது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்த ஒரு சின்னச் சில்லு. போன் 5 ஜிகாஹெர்ட்ஸில் இருக்கும்போது ஆப் தேடிக்கொண்டே இருக்கும், 98 சதவீதம் வரை போய்த் தோற்கும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், அந்த ஒரு பெயர் வசதியைத் தற்காலிகமாக அணைத்து 2.4-க்குத் தனிப் பெயர் கொடுங்கள். போனை அதில் சேர்த்து, பிளக்கைச் சேர்த்துவிட்டு, அப்புறம் வேண்டுமானால் பழையபடி ஆக்கலாம். கெஸ்ட் நெட்வொர்க்கை 2.4-ல் மட்டும் ஓடவிட்டு இவற்றையெல்லாம் அதிலேயே வைத்துவிட்டால் இந்தக் கூத்தே வேண்டாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பாஸ்வேர்டில் இடைவெளியோ டாலர் குறியோ மேற்கோள் குறியோ இருந்தால் இந்த ஆப்கள் சில திணறும். எழுத்து, எண், நடுவில் ஒரு சிறு கோடு. அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

போன் பாஸ்வேர்டு மட்டுமல்லாமல் யூசர் நேமும் கேட்கிறது

'ஐடென்டிட்டி', 'இஏபி மெத்தட்' என்றெல்லாம் ஒரு படிவம் விரியும். யாரோ 'எண்டர்பிரைஸ்' என்பதைத் தேர்ந்துவிட்டார்கள். பெயரைப் பார்த்தால் பர்சனலைவிட உயர்ந்தது போலத் தோன்றும், அதனால் தேர்ந்திருப்பார்கள். அது கல்லூரி, அலுவலகங்களுக்கானது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வைத்திருக்கும் ஒரு சர்வர் பின்னால் வேண்டும். வீட்டில் அது இருக்காது. 'பர்சனல்' ஆக்கினால் முடிந்தது.

ஹாலில் வருகிறது, படுக்கையறைக்குப் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது

இதில் இரண்டு வகை.

முதல் வகை, நான் முன்பே சொன்னது. 5 ஜிகாஹெர்ட்ஸில் புதுப் பூட்டு, 2.4-ல் பழைய பூட்டு, இரண்டுக்கும் ஒரே பெயர். சுவர் குறுக்கே வந்ததும் போன் 2.4-க்குத் தாவுகிறது, சாவி பொருந்தவில்லை. இரண்டு பக்கத்திலும் ஒரே வகை, ஒரே பாஸ்வேர்டு வையுங்கள்.

இரண்டாவது வகையில்தான் நான் ஒருமுறை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். தம்பி வீட்டில் ஃபைபர் பெட்டியிலும் வைஃபை, அவன் தனியாக வாங்கி வைத்த ரவுட்டரிலும் வைஃபை. வசதிக்காக இரண்டுக்கும் ஒரே பெயர். நான் ரவுட்டரில் டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 என்று மாற்றி, பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் டிவி வருகிறது, போன் வரவில்லை, கொஞ்ச நேரத்தில் போன் வருகிறது, டிவி போகிறது. ரவுட்டர்தான் பழுது என்று முடிவே கட்டிவிட்டேன். கடைசியில் ரவுட்டரின் மின்சாரத்தையே பிடுங்கிப் பார்த்தபோதும் போனில் அந்தப் பெயர் ஜம்மென்று தெரிந்தது. பெட்டி ஒன்று, பேய் ஒன்று.

ஆகவே வீட்டில் இரண்டு பெட்டி இருந்தால் முதல் சோதனை இதுதான். ஒன்றை அணைத்துவிட்டுப் பெயர் இன்னும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள், அல்லது இரண்டிலும் பூட்டின் வகை, பாஸ்வேர்டு இரண்டையும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக்குங்கள்.

பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுகிறேன், ஏற்க மாட்டேன் என்கிறது

முதலில் ஃபர்கெட். பூட்டின் வகையை மாற்றிவிட்டுப் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே விட்டால், சில லேப்டாப்கள் பழைய வகையையே ஞாபகம் வைத்துக்கொண்டு முட்டிக்கொண்டிருக்கும். மறக்கச் சொல்லி மறுபடி சேர்ப்பதுதான் மருந்து.

அடுத்தது ஸ்டிக்கர். சின்ன எழுத்து எல், பெரிய எழுத்து ஐ, எண் ஒன்று மூன்றும் அந்தப் பொடி எழுத்தில் ஒரே குச்சிதான். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பாஸ்வேர்டை காப்பி செய்தால் வால் பக்கம் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும், அதையும் கவனியுங்கள். 8 எழுத்துக்குக் குறைவாகவோ 63-க்கு மேலாகவோ இருந்தால் விதிப்படியே செல்லாது.

நேற்று வரை வந்த போன் இன்று வரவில்லை, மற்றவை எல்லாம் சரி

மேக் ஃபில்டர் போட்டிருக்கிறீர்களா? ஒவ்வொரு கருவியின் வைஃபைக்கும் உள்ள மேக் என்ற அடையாள எண்ணைப் பட்டியலிட்டு, அவற்றை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு. ஒரு காலத்தில் இதைப் பெரிய பாதுகாப்பாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைந்த எண்ணைக் காட்டுகின்றன. ஃபர்கெட் கொடுத்தாலோ போனை ரீசெட் செய்தாலோ எண் மாறலாம், காவல்காரனுக்கு ஆள் அடையாளம் தெரியாது. மேக் எண் காற்றில் மறைக்கப்படாமல்தான் போகிறது, யாரும் பார்த்து அதையே போட்டுக்கொள்ள முடியும். எடுத்துவிடுங்கள், தொல்லைக்குத்தான் ஆகும்.

பெயரை மறைத்து வைக்கும் வசதியும் இதே ரகம். ரவுட்டர் பேசாமல் இருக்கும், ஆனால் உங்கள் போன் போகிற இடமெல்லாம், 'இன்ன பெயருடைய வைஃபை இங்கே இருக்கிறதா' என்று கூவிக்கொண்டே போகும்.

தெரியாத கருவி பட்டியலில் இருக்கிறது, நெட் தானாகத் தீர்கிறது

பதறும் முன் எண்ணுங்கள். மேலே சொன்ன புனைந்த எண்ணால் உங்கள் போனே பெயரில்லாத அந்நியனாகப் பட்டியலில் நிற்கலாம். வீட்டில் உள்ள எல்லாவற்றிலும் வைஃபையை அணைத்துவிட்டு, லேன் கேபிளில் உட்கார்ந்து பட்டியலைப் பாருங்கள். அப்போதும் நிற்பவரே விருந்தாளி.

அவர் எப்படி வந்திருப்பார்? பெரும்பாலும் நீங்களே கூப்பிட்டிருப்பீர்கள். போன வருஷம் கொலு பார்க்க வந்தவருக்குச் சொன்ன பாஸ்வேர்டு அவர் போனில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 10 முதல் அதை க்யூஆர் படமாக இன்னொருவருக்குக் காட்டவும் முடியும்.

இரண்டாவது வாசல் டபிள்யூபிஎஸ். பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனை அழுத்திச் சேர்ப்பதற்கான வசதி. பட்டனோடு 8 இலக்க பின் எண்ணும் உண்டு. 8 இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்று நினைப்போம். ஆனால் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது, மற்றவற்றிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். மீதி ஏழையும் ரவுட்டர் இரண்டு துண்டாகச் சோதிக்கிறது. முதல் நாலு தப்பென்றால் அப்போதே சொல்லிவிடுகிறது. ஆக முதல் துண்டுக்கு 10,000, அடுத்த மூன்றுக்கு 1,000, மொத்தம் 11,000 முயற்சி. 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் என்பவர் இதை வெளியிட்டார். பூட்டு டபிள்யூபிஏ2-வாக இருந்தும் பலனில்லை, பாஸ்வேர்டு எவ்வளவு நீளமானாலும் பலனில்லை, இந்த வழி தனி. டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள். முழுவதும் அணைக்க முடியாத பெட்டியில் பின் வசதியையாவது அணையுங்கள்.

மூன்றாவது, போன் நம்பரைப் பாஸ்வேர்டாக வைப்பது. நம் ஊரில் பத்து வீட்டில் ஆறு வீட்டிலாவது இதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம். டபிள்யூபிஏ2-வில் ஒரு கருவி சேரும்போது நடக்கும் கைகுலுக்கலை ஒருவன் காற்றில் பிடித்துக்கொண்டால் போதும், வீட்டுக்குப் போய் நிதானமாகப் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். உங்கள் ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. நம் மொபைல் எண்கள் 6, 7, 8, 9 என்ற நாலில் ஒன்றில் தொடங்கும், ஆக 400 கோடி எண்கள். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் பார்த்துவிடும். எல்லா எண்ணையும் பார்த்து முடிக்க ஒரு மணி ஏழு நிமிடம். டபிள்யூபிஏ3-ன் பெரிய லாபமே இங்குதான். அதில் இப்படி எடுத்துப்போய் வீட்டில் வைத்துப் பொருத்திப் பார்க்க முடியாது, ஒவ்வொரு முயற்சிக்கும் ரவுட்டரிடமே வந்து நிற்கவேண்டும். ஆனால் கலப்பு அமைப்பில் டபிள்யூபிஏ2 வழியும் திறந்தே இருப்பதால் பாஸ்வேர்டின் நீளம் இன்னும் முக்கியம்தான்.

நான் சொல்லிக்கொடுப்பது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோர்ப்பது. முறுக்கு, ஏணி, பித்தளை, கொடைக்கானல் என்பது போல. நடுவில் சிறு கோடு. பெரியம்மாவால்கூடப் போனில் சொல்ல முடியும், எதிரே எழுதிக்கொள்பவருக்கும் குழப்பம் வராது.

"பக்கத்து வீட்டுப் பையன் படம் பார்த்தா பார்த்துட்டுப் போறான், நமக்கென்ன?" என்று பெரியப்பா கேட்டார். 2008 ஜூலை 26-ல் அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குச் சில நிமிடங்கள் முன்பு மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று போனது. அது நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. போலீஸ் முதலில் தட்டியது அவர் கதவை. இதைச் சொன்னதும் பெரியப்பா, "சரி, அந்த நாலு வார்த்தையை எழுதிக் குடு" என்றார்.

வைஃபை வருகிறது, நெட்டும் வருகிறது, ஆனால் பிரிண்டர் தெரியவில்லை, டிவிக்கு காஸ்ட் ஆகவில்லை

போன் ஒரு நெட்வொர்க்கிலும் பிரிண்டர் கெஸ்ட்டிலும் இருக்கும். அல்லது 'ஏபி ஐசொலேஷன்' இயங்கும். ஒரே வைஃபையில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்கக்கூடாது என்ற திரை அது. கெஸ்ட்டில் இருப்பது சரி, வீட்டு நெட்வொர்க்கில் அணைத்துவிடுங்கள். பிரிண்டரையும் டிவியையும் வீட்டு நெட்வொர்க்குக்குக் கொண்டுவாருங்கள்.

மாற்றியதெல்லாம் மறுநாள் பழையபடி இருக்கிறது

சேவ், அப்ளை என்று இரண்டு பட்டன் இருக்கும் பெட்டிகளில் ஒன்றை மட்டும் அழுத்திவிட்டு வந்திருக்கலாம். கரண்ட் போய் வந்ததும் பழைய அமைப்பு திரும்பிவிடும். இரண்டையும் அழுத்தியும் மாறுகிறது என்றால், இணைப்பு தருபவர்கள் தொலைவிலிருந்தே பெட்டியை நிர்வகிக்கும் வசதி வழியாகத் தங்கள் அமைப்பை ஏற்றுகிறார்கள். அவர்களுடைய ஆப்பிலோ வாடிக்கையாளர் எண்ணிலோ மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு உங்கள் ரவுட்டரை அதன் பின்னால் வையுங்கள்.

அங்கே இருக்கும்போதே நிர்வாகப் பக்கத்தின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. 'அட்மின், அட்மின்' என்று விட்டிருந்தால், வீட்டுக்கு வந்த எவரும் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் திருப்பி வைக்கலாம். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள். டபிள்யூபிஏ2-விலேயே 2017-ல் கிராக் என்ற ஓட்டை வெளியானது, அதை அடைத்தது அப்டேட்கள்தான்.

எதிலும் நுழைய முடியவில்லை, நானே வெளியே நிற்கிறேன்

முதலில் லேன் கேபிளைச் செருகிப் பாருங்கள். வைஃபையில் என்ன குளறுபடி செய்திருந்தாலும் கேபிளுக்கு அது பொருட்டில்லை, நிர்வாகப் பக்கம் திறக்கும். எடுத்து வைத்த படங்களைப் பார்த்துத் திருப்பி வையுங்கள்.

நிர்வாகப் பாஸ்வேர்டே மறந்துவிட்டது என்றால்தான் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்தும் வேலை. நீங்களே கடையில் வாங்கிய ரவுட்டர் என்றால் பத்து நொடி அழுத்துங்கள், ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டுக்குத் திரும்பிவிடும், கவலையில்லை. ஃபைபர்காரர் வைத்த பெட்டி என்றால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு முதலில் அவருக்குப் போன் போடுங்கள். இணைப்புக்கான யூசர் நேமும் பாஸ்வேர்டும் அந்தப் பெட்டிக்குள் இருக்கலாம், ரீசெட் அவற்றையும் சேர்த்துத் துடைத்துவிடும். அது சனிக்கிழமை சாயங்காலமாக இருந்துவிட்டால் திங்கட்கிழமை வரை மொபைல் டேட்டாதான்.